கலவைச் சிவப்பு ஒயினும் இரவு உணவும்: இரண்டாம் மிடறில் என்ன நடக்கிறது?

கேள்வி கேட்டவர் ஒரு புட்டி கலவைச் சிவப்பு ஒயின், அதாவது பல வகைத் திராட்சைகளைச் சேர்த்துச் செய்த ஒயின், வாங்கியிருக்கிறார். கேபர்னே சாவிஞோன் 60 விழுக்காடு, மெர்லோ 30, பெத்தி வெர்தோ 10 என்று பின்பக்கச் சீட்டில் அச்சிட்டிருந்ததாம். சமைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மிடறு குடித்துப் பார்த்தார், நன்றாகவே இருந்தது. பிறகு தேன் பூசிச் சுட்ட கோழியையும் காரமான மிளகாய்ச் சாற்றையும் மேசையில் வைத்து, உணவோடு சேர்த்துக் குடித்தபோது அதே ஒயின் கசந்தது, வாய் வறண்டது, சீட்டில் சொல்லியிருந்த கறுப்புப் பழங்களும் சாக்லேட்டும் இருந்த இடம் தெரியவில்லை. மூன்று திராட்சைகளில் எது எந்தச் சுவையைத் தருகிறது என்றும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. தம் நாக்கில்தான் குறையா, அல்லது கலவை ஒயினைச் சுவைத்தறிவதற்கென்று வேறு முறை உண்டா என்று கேட்கிறார்.

நாக்கில் குறையில்லை. ஒயினிலும் அநேகமாகக் குறை இருக்காது, ஏனென்றால் முதல் மிடறு நன்றாக இருந்ததாக அவரே சொல்கிறார். இரண்டு மிடறுகளுக்கும் நடுவே மாறியது வாய்தான். வாயை மாற்றியது உணவு. கலவை ஒயின் என்பது பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒன்று. உணவு அந்த உறுப்புகளில் ஒன்றை மறைக்கும், மற்றொன்றைத் தூக்கிக் காட்டும். ஆகவே ஒயினுக்குள் திராட்சைகளைத் தேடுவதைக் காட்டிலும், துவர்ப்பு, புளிப்பு, சதைப்பற்று (வாயில் உணரும் கனம்), மணம் ஆகிய ஒவ்வொன்றும் உணவுக்கு முன் எப்படி இருந்தது, உணவுக்குப் பின் எப்படி ஆனது என்று கவனிப்பதே பயனுள்ள வழி என்பது என் கருத்து. கலவையின் தையல் தெரிவது அப்போதுதான்.

முதலில், திராட்சைகளை ஏன் கலக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தனித்திராட்சை ஒயின்தான் உயர்ந்தது, கலவை என்றால் மிச்சம் மீதியைச் சேர்த்து ஊற்றியது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது; அது உண்மையன்று. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் சிறந்த ஒயின்களை வரிசைப்படுத்திய 1855-ஆம் ஆண்டு தரவரிசையில் இடம்பெற்ற மெடோக் பகுதிச் சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் கலவைகளே. அங்கே கலவை பிறந்ததற்கு வானிலையும் மண்ணுமே காரணம். மெர்லோ முன்னதாகப் பழுக்கும். கேபர்னே சாவிஞோன் அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பின்தங்கிப் பழுக்கும். வசந்தத்தில் உறைபனி விழுந்தால் முந்தித் துளிர்க்கும் மெர்லோ அடிபடும். அறுவடைக் காலத்தின் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் கேபர்னே பழுக்காமல் நிற்கும். இரண்டையும் வைத்திருக்கும் விவசாயிக்கு ஏதாவதொன்று கைகொடுக்கும். கூழாங்கல் நிலம் வெப்பத்தைத் தக்கவைத்துக் கேபர்னேக்கு உதவுகிறது. ஈரமும் குளிர்ச்சியும் மிகுந்த களிமண்ணில் மெர்லோ செழிக்கிறது. அதனால்தான் மெடோக் பகுதியின் ஒயின்களில் கேபர்னே மேலோங்கியும், சாந்த் எமிலியோன், பொமெரோல் பகுதிகளின் ஒயின்களில் மெர்லோ மேலோங்கியும் இருக்கின்றன.

ஒவ்வொரு திராட்சையையும் தனித்தனியே நொதிக்கவைத்து, பின்னர் மாதிரிகளை மேசையில் வரிசையாக வைத்துச் சுவைத்து, எவ்வளவுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதே வழக்கமான முறை. அந்த மேசையில் கேபர்னே சாவிஞோன் எலும்புக்கூடு: துவர்ப்பும் புளிப்பும் நீண்ட ஆயுளும் அதனால் வருகின்றன. மெர்லோ சதை: நடு நாக்கை நிரப்பும் வழவழப்பும் பழச்சுவையும் அதனுடையவை. கேபர்னே ஃப்ராங்க் சேர்ந்தால் பூவையும் பச்சிலையையும் நினைவூட்டும் மணம் வரும். பெத்தி வெர்தோ அடர்ந்த நிறமும் கடுந்துவர்ப்பும் கொண்டது. குழம்பில் இடும் உப்பைப் போல அதைச் சிறிதளவே சேர்ப்பார்கள். பிரான்சின் தெற்கு ரோன் பள்ளத்தாக்கில் கிரெனாஷ் இனிய பழத்தையும் ஆல்கஹாலின் வெதுவெதுப்பையும் தர, சிரா நிறத்தையும் மிளகு மணத்தையும், மூர்வெத்ர் துவர்ப்பையும் தருகின்றன. அங்குள்ள ஷாத்தோநெஃப் து பாப் என்ற ஒயின் பகுதியின் விதிகள், நிற வேறுபாடுகளைத் தனியாக எண்ணாவிட்டால், 13 வகைத் திராட்சைகளை அனுமதிக்கின்றன. ஸ்பெயினின் ரியோஹாவில் டெம்ப்ரானியோவோடு கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகியவை சேர்கின்றன. இத்தாலியின் கியாந்தி கிளாசிக்கோவில் சாஞ்சியோவேசே குறைந்தது 80 விழுக்காடு இருந்தாக வேண்டும்.

இவற்றை வாயில் வைத்துப் பிரிக்க முடியாமல் போனதற்காக வருந்த வேண்டியதில்லை. கேபர்னே சாவிஞோன், கேபர்னே ஃப்ராங்கும் சாவிஞோன் பிளாங்கும் இயற்கையில் கலந்து பிறந்த பிள்ளை என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையால் கண்டறிந்து 1997-இல் வெளியிட்டார்கள். மெர்லோவும் கேபர்னே ஃப்ராங்கின் பிள்ளை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆகவே அந்தப் புட்டியில் 90 விழுக்காடு இடத்தைப் பிடித்திருப்பவை கேபர்னே ஃப்ராங்கை மட்டும் பொதுவாகக் கொண்ட பாதி உடன்பிறப்புகள். சாயல் ஒட்டிப்போவதில் வியப்பில்லை. பழகிய தொழில்முறைச் சுவைஞர்களும் தடுமாறும் இடம் இது. இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு திராட்சையின் பெயரை மட்டும் சீட்டில் போட அந்தத் திராட்சை 85 விழுக்காடு இருந்தால் போதும். அமெரிக்காவில் பொதுவாக 75 விழுக்காடு. தனித்திராட்சை என்று நாம் குடிக்கும் பல புட்டிகளும் ஓரளவுக்குக் கலவைகளே.

இனி மேசைக்கு வருவோம். ஒயினின் வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியசுக்குள் இருப்பது நல்லது. அறைவெப்பம் என்று பழைய நூல்கள் சொல்வது கணப்பு இல்லாத குளிர்ந்த கல்வீடுகளின் வெப்பம். இன்றைய வீடுகளின் அடுப்படி வெப்பம் அன்று. 24, 25 பாகையில் ஆல்கஹால் மூக்கில் ஏறிப் பழத்தை மறைத்துவிடும். மிகக் குளிர்ந்தாலோ மணம் அடங்கித் துவர்ப்பு மட்டும் விறைத்து நிற்கும். அறையில் இருந்த புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்து எடுப்பதே போதுமானது. கோப்பை வாய்ப்புறம் சற்றுக் குறுகி, அடிப்புறம் அகன்று இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஊற்றுவதற்கு முன் வெறுங்கோப்பையை ஒருமுறை முகர்ந்துபாருங்கள். சோப்பு நெடியோ அலமாரி நெடியோ இருந்தால் வெந்நீரில் அலசிவிடுங்கள். பலர் ஒயினின் குறை என்று சொல்வது கோப்பையின் குறையாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுப்பருகே நின்று சுவைப்பதையும் தவிர்க்க வேண்டும். வெங்காயம் வதங்கும் ஆவியும், எண்ணெய்ப் புகையும், கொழுப்பு உருகும் மணமும் நிறைந்த காற்றில் ஒயினின் மணம் எழும்ப இடமிருக்காது. கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்கோ திறந்த சன்னலுக்கோ போய்விடுங்கள். முதல் முகர்தலில் ஈரமான அட்டைப்பெட்டியின் நெடி அடித்தால் அது தக்கையிலிருந்து ஏறிய கெடுதல். டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே அந்த நெடி வந்துவிடும், பழ மணமும் மங்கிவிடும். எந்த உணவும் அதைச் சரிசெய்யாது. அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுப்பதே முறை.

முதல் மிடறு உணவில்லாமல் இருக்க வேண்டும். இதை நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் பின்னால் வரும் ஒப்பீட்டுக்கெல்லாம் அளவுகோல் இதுதான். ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேலாக வாயில் எடுத்து, பத்து விநாடி வாய் முழுவதும் உருட்டி, விழுங்கிய பின் மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பாடப்புத்தகங்களில் வந்த நாக்கு வரைபடத்தை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் உணரப்படும். விழுங்கிய பின் தாடையோரம் உமிழ்நீர் சுரந்தால் அது புளிப்பின் அளவு. தொண்டையில் ஏறும் சூடு ஆல்கஹாலின் அளவு. பல்லீறும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உரசினால் அது துவர்ப்பு. திரவம் நாக்கின் மேல் தண்ணீரைப் போல ஓடுகிறதா, பாலைப் போல நிற்கிறதா என்பது சதைப்பற்று.

துவர்ப்பையும் கசப்பையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது பெரும் வசதி. அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பை எண்ணியிருக்கிறோம். கசப்பு நாக்கில் படும் சுவை. துவர்ப்போ பெரும்பாலும் தொடு உணர்வு. திராட்சைத் தோலிலும் விதையிலும் பீப்பாயின் ஓக் மரத்திலும் இருந்து வரும் டானின்கள், உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கின்றன. உமிழ்நீரின் வழவழப்பு போய்விடுவதால் வாயின் உட்புறம் உரசுகிறது. அதைத்தான் வறட்சி என்று உணர்கிறோம். வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தேயிலையை ஐந்தாறு நிமிடம் ஊறவைத்துக் கடுந்தேநீர் போட்டு ஒரு வாய் குடியுங்கள், பல்லீறு இறுகும். அதே தேநீரில் ஒரு கரண்டி பால் ஊற்றிக் குடியுங்கள், இறுக்கம் தளர்ந்துவிடும். தேநீரின் டானின்கள் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் உமிழ்நீர் தப்பிக்கிறது. இறைச்சியும் சிவப்பு ஒயினும் சேரும்போது நடப்பதும் இதே கதைதான்.

மணத்தைப் பொறுத்தவரை, சீட்டில் எழுதியிருப்பதை வைத்து உங்களை நீங்களே தேர்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டாம். சில மணங்களுக்கு உறுதியான வேதிக் காரணம் உண்டு. சரியாகப் பழுக்காத கேபர்னேயில் வரும் பச்சைக் குடைமிளகாய் மணம் பைரசின் வகைச் சேர்மங்களால் வருவது. சிராவின் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-இல் கண்டறிந்தார்கள்; கறுப்பு மிளகில் இருப்பதும் அதே சேர்மம். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால், சோதித்ததிலேயே மிக உயர்ந்த செறிவில் கொடுத்தும், அதை முகர முடியவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இருவர், ஒருவர் மிளகு என்றும் மற்றவர் இல்லை என்றும் சொன்னால் இருவருமே உண்மை பேசுபவர்களாக இருக்கலாம். நிறமும் நம்மை வழிநடத்தும். 2001-இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், மணமற்ற சிவப்புச் சாயம் சேர்த்த வெள்ளை ஒயினை 54 மாணவர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள். அவர்கள் ஒயின் இயல் படித்த மாணவர்கள். சாக்லேட் தெரியவில்லையே என்று கவலைப்படுவதைவிட, உங்கள் மூக்குக்கு என்ன நினைவு வருகிறதோ அதைச் சொந்தச் சொல்லில் குறித்துவைப்பது நல்லது.

இப்போது இரண்டாம் மிடறு. உணவை மென்று விழுங்கிய பின், வாயில் அதன் சுவை இன்னும் தங்கியிருக்கும்போது குடிக்க வேண்டும். வாயில் உணவை வைத்துக்கொண்டே ஊற்றினால் எதுவும் தெரியாது. ஒரு எடுத்துக்காட்டை அருகிலிருந்து காட்டுகிறேன். ஆட்டின் தோள்கறியை எலும்போடு, வெங்காயம், காரட், பூண்டு, இரண்டு தண்டு தைம் இலை சேர்த்து, மூடிய கனத்த பாத்திரத்தில் மூன்று மணிநேரம் இளஞ்சூட்டில் வேகவைத்திருந்தேன். ஒயின், கேள்வியில் உள்ளதைப் போலவே கேபர்னே மேலோங்கிய கலவை, நான்கு ஆண்டு வயது. முதல் மிடறில் துவர்ப்பு முன்னால் வந்து நின்றது, கன்னம் இழுத்துக்கொண்டது, பழம் பின்னால் மெலிதாக, கறுப்புத் திராட்சையின் தோலைக் கடித்தது போல இருந்தது. எலும்பிலிருந்து தானாகக் கழன்ற ஒரு துண்டை, அதன் ஓரத்துக் கொழுப்போடும் குழம்போடும் தின்று, உடனே குடித்தேன். கன்னத்தின் இழுப்பு பாதியாகக் குறைந்தது. அது விலகிய இடத்தில் மெர்லோவின் சதை மேலே வந்தது: பழுத்த பிளம் பழம், நாக்கின் நடுவில் ஒரு கொழுமை. விழுங்கிய பின் தைம் இலையின் மணமும் ஒயினின் பச்சிலை மணமும் ஒன்றாகத் தங்கின. முதல் மிடறில் எலும்பு மட்டும் தெரிந்த ஒயினில் இரண்டாம் மிடறில் உடல் தெரிந்தது. அதே தட்டில் இருந்த காரட்டை மட்டும் தனியே தின்றுவிட்டு மூன்றாவதாக ஒரு மிடறு குடித்தேன். நீண்ட நேரம் வெந்து இனிப்பேறிய காரட் அது. ஒயின் சட்டென்று ஒல்லியாகிப் புளித்தது.

கேள்வி கேட்டவரின் மேசையில் நடந்ததற்கு அந்தக் காரட்டே விடை. உணவில் இனிப்பு இருந்தால், இனிப்பில்லாத ஒயின் முன்னைவிடப் புளிப்பாகவும் துவர்ப்பாகவும் கசப்பாகவும் தோன்றும், பழச்சுவை வற்றிப்போகும். தேன் பூசிய கோழி அதைத்தான் செய்தது. அதன்மேல் மிளகாய் வந்தது. மிளகாயின் காரம் சுவையன்று, எரிச்சல். ஆல்கஹால் அந்த எரிச்சலைத் தூண்டிவிடும், எரியும் வாயில் துவர்ப்பும் கூர்மையாகப் படும். கோழியின் மார்புக்கறியில் புரதம் உண்டு என்றாலும், ஆட்டுத் தோள்கறியில் உள்ளது போல வாயைப் பூசும் கொழுப்பு இல்லை. மூன்று பக்கமும் ஒயினுக்கு எதிராகவே அமைந்துவிட்டன. 10 விழுக்காடு பெத்தி வெர்தோவும் அந்த இடத்தில் கேபர்னேயின் துவர்ப்போடு சேர்ந்துகொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறாக ஒயினைத் தணிக்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று உப்பு: அது கசப்பை அடக்கும், பழத்தை மேலே கொண்டுவரும். மற்றொன்று புளிப்பு: உணவு புளிப்பாக இருந்தால் ஒயினின் புளிப்பு குறைந்ததாகத் தோன்றி, ஒயின் மென்மையாகும். இதைச் சொல்லில் நம்புவதைக் காட்டிலும் செய்துபார்ப்பது மேல். ஒரு சிறு தட்டில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு எலுமிச்சை, சிறிது சர்க்கரை மூன்றையும் வையுங்கள். ஒயினை ஒரு மிடறு குடியுங்கள். சர்க்கரையை நாக்கில் வைத்துக் கரைத்துவிட்டு மீண்டும் குடியுங்கள், ஒயின் கடுமையாகும். தண்ணீர் குடித்து வாயை ஆற்றிவிட்டு, எலுமிச்சையை நக்கி, உப்பைத் தொட்டுக்கொண்டு குடியுங்கள். அதே ஒயின் வட்டமாக, பழமாக மாறும். இந்தச் சிறு தட்டுப் பயிற்சியை ஒருமுறை செய்தவருக்கு, எந்த உணவோடு எந்த ஒயின் என்ற அட்டவணைகள் பெரும்பாலும் தேவைப்படாது. சமைத்த உணவு ஒயினைக் கடுமையாக்குகிறது என்று தெரிந்தால், பரிமாறும் முன் எலுமிச்சை ஒரு பிழிவும் உப்பு ஒரு சிட்டிகையும் சேர்த்தாலே பல நேரம் காரியம் முடிந்துவிடும்.

காளான், முற்றிய பாலாடைக்கட்டி, நெடுநேரம் கொதித்த எலும்புச்சாறு ஆகியவற்றில் உள்ள உமாமிச் சுவையும் இனிப்பைப் போலவே ஒயினைக் கசக்கச் செய்யக்கூடியது. ஆனால் பாலாடைக்கட்டியில் உப்பும் கொழுப்பும் சேர்ந்தே இருப்பதால் அது தானே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. உப்புக் குறைவாக வதக்கிய காளானில் அந்தக் காப்பு இல்லை. காளான் வதக்கலில் வெண்ணெயும் உப்பும் தாராளமாக இருந்து, ஒயினும் சற்று வயதாகித் துவர்ப்புத் தணிந்ததாக இருந்தால் இரண்டும் அழகாகப் பொருந்தும். மீனைப் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு சொல்: சிவப்பு ஒயினோடு சில கடலுணவுகள் கவிச்சி நாற்றம் அடிப்பதற்கு ஒயினில் உள்ள இரும்புச்சத்து முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். இரும்பு மிகக் குறைந்த ஒயின்களில் அந்தக் கவிச்சி எழுவதில்லை. ஆனால் இரும்பின் அளவு எந்தச் சீட்டிலும் இருக்காது என்பதால், கொழுப்பு மீனோடு கடுந்துவர்ப்புக் கலவையை நான் வைக்கமாட்டேன்.

கலவைகளுக்குள்ளேயும் உணவுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். தக்காளியை அடித்தளமாகக் கொண்ட குழம்புக்குச் சாஞ்சியோவேசே மேலோங்கிய கலவை பொருந்துவதன் காரணம், அந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே புளிப்பு அதிகம். தக்காளியின் புளிப்புக்கு அது ஈடுகொடுக்கும். அதே குழம்போடு, புளிப்புக் குறைந்த, நன்கு பழுத்த கிரெனாஷ் கலவையை வைத்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஆனால் அந்தக் கிரெனாஷ் கலவைதான், பட்டை, சோம்பு போன்ற நறுமணப் பொருள்களோடு, காரம் அடங்கி வெந்த இறைச்சிக்கு மிக இணக்கமானது; துவர்ப்புக் குறைவு, பழம் அதிகம், மணமும் ஒத்துப்போகும். பருப்பும் பயறும் புரதம் மிகுந்தவை என்றாலும் கொழுப்பு மிகக் குறைந்தவை. அவற்றை ஆலிவ் எண்ணெயோ வெண்ணெயோ தாராளமாகச் சேர்த்துச் சமைத்தால் மெர்லோ மேலோங்கிய கலவை நன்றாக இருக்கும். கத்தரிக்காயைத் தணலில் சுட்டால் வரும் கருகல் மணம், ஓக் பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டுவதால் ஒயினுக்கு ஏறும் புகை மணத்தோடு கைகோக்கும். இது என் தனிப்பட்ட விருப்பங்களில் ஒன்று.

சமையலுக்குள்ளும் அதே ஒயினை ஊற்றலாமா என்றால், நெடுநேரம் இறைச்சியோடு வேகும் குழம்பில் ஊற்றலாம். இறைச்சியின் புரதம் டானினை வாங்கிக்கொள்ளும். இறைச்சி எடுத்த வாணலியில் ஊற்றி ஐந்து நிமிடத்தில் சுண்டவைக்கும் சாற்றில் துவர்ப்பு மிகுந்த ஒயினை ஊற்றக் கூடாது. தண்ணீர் ஆவியாகித் துவர்ப்பும் புளிப்பும் செறிந்துவிடும்.

காற்றுபடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தக்கையைப் பிடுங்கி வைப்பதால் மட்டும் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. புட்டிக் கழுத்தின் அளவுக்கே காற்று தொடுகிறது. நான்கைந்து ஆண்டுக்குள்ளான கேபர்னே கலவையை அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணிநேரம் வைத்தால் மணம் நன்றாக விரியும். பதினைந்து, இருபது ஆண்டுப் புட்டியானால் வேறு முறை வேண்டும். அதை முதல்நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் படியவிட்டு, உண்ண உட்காரும்போது மெதுவாகத் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அதற்கு நெடுநேரக் காற்று ஆகாது, எஞ்சியிருக்கும் மெல்லிய மணம் பறந்துவிடும். எப்படியானாலும் சாப்பாடு நடக்கும் ஒன்றரை மணிநேரமும் ஒயின் கோப்பையில் மாறிக்கொண்டேதான் இருக்கும். முதல் கோப்பையில் ஒரு வாய் அளவு மிச்சம் வைத்து, இறுதியில் அதை முகர்ந்துபாருங்கள். தொடக்கத்தில் பீப்பாயின் வனிலா மணம் மட்டும் அடித்த இடத்தில் பழமோ பூவோ வந்திருக்கக் கூடும்.

750 மில்லி புட்டி ஒன்றில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். சுவைத்தறிவதற்கு ஓர் இரவில் ஒன்றிரண்டு கோப்பைக்கு மேல் தேவையில்லை. அதற்கு மேல் கவனம் மங்கும். இடையிடையே தண்ணீரும், உப்பில்லாத ரொட்டித் துண்டும் வாயை மீட்டுத் தரும். தொடர்ந்து குடித்தால் துவர்ப்பு மிடறுக்கு மிடறு கூடிக்கொண்டே போகும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். ஐந்தாவது மிடறு முதல் மிடறைவிடக் கடுமையாகத் தோன்றுவதற்கு ஒயின் பொறுப்பன்று.

கேள்வி கேட்டவரின் புட்டியில் பாதி மீதமிருப்பதாகத் தெரிகிறது. அதைத் தக்கையிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். சிறிய புட்டி இருந்தால் அதில் விளிம்புவரை ஊற்றி மூடுவது இன்னும் நல்லது, உள்ளே காற்றுக்கு இடமிருக்காது. நாளையோ மறுநாளோ, குடிப்பதற்கு அரைமணிக்கு முன்பு வெளியே எடுங்கள். கோழியையே சமைப்பதானால் மார்பை விட்டுத் தொடையைத் தோலோடு எடுத்துக்கொள்ளுங்கள். தேனுக்குப் பதில் வெண்ணெய், உப்பு, பூண்டு, தைம் பூசுங்கள். மிளகாய்ச் சாற்றுக்குப் பதில் இடித்த மிளகும் எலுமிச்சையும் போதும். அடுப்பில் தோல் பொன்னிறமாகும்வரை சுட்டு, பாத்திரத்தில் இறங்கிய கொழுப்புச் சாற்றை மேலே ஊற்றுங்கள். உண்பதற்கு முன் ஒரு மிடறு, தோலும் கறியும் சேர்ந்த ஒரு வாய்க்குப் பின் ஒரு மிடறு. முதலில் பல்லீறைக் கவனியுங்கள், பிறகு நாக்கின் நடுவை.